காணாமல் போன பதினான்கு அடி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் புல்லுக்காரருக்கு மெமோ வந்தது.

ஏழாம் குழிக்கு மேற்கே அவர் பொறுப்பில் இருந்த நிலத்தில் பதினான்கு அடி, இந்த ஆண்டு அளவெடுப்பின்போது இருப்பில் இல்லை எனக் கண்டறியப்பட்டுள்ளது. மேற்படி நிலம் எங்கே போனது, யாருடைய அனுமதியின் பேரில் போனது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். தவறினால் பணியும், பணியோடு சேர்ந்த குடியிருப்பும் திரும்பப் பெறப்படும்.

மெமோவை அவர் ஏழாம் குழியின் ஓரத்தில் நின்றபடியே படித்தார். நிலம் எங்கே போனது என்பது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அலை அடித்துக்கொண்டிருந்தது.

கோல்ஃப் கிளப்பில் அவருக்குப் பத்தொன்பது வருஷ வேலை. பதினெட்டுக் குழிகளில் ஆறு முதல் ஒன்பது வரை அவர் பார்வையில். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. மாமனார் வீட்டில்கூட அதை மறந்து புல்லுக்காரர் என்றுதான் சொன்னார்கள். வெறுங்காலால் மிதித்தே புல்லுக்குத் தாகமா இல்லையா என்று சொல்லிவிடுவார். மனிதர்களிடம் அவ்வளவு சுலபமாக எதையும் சொல்லிவிட மாட்டார்.

மைதானம் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. எங்கிருந்தோ வந்த ஒருவர் கையில் ஒரு தடியோடு இந்தக் கடற்கரையில் இரண்டு நாள் நடந்தார். மூன்றாம் நாள் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. கிளப்பில் அவரை மூலவர் என்பார்கள். அவருடைய படம் யாரிடமும் இல்லாததால், அவர் விட்டுப்போனதாகக் கருதப்படும் தொப்பி ஒன்றைக் கூட்ட அறையில் மாட்டியிருந்தார்கள். வரைபடத்தின் மூலையில் அவர் எழுதிய ஒரே ஒரு வாக்கியம் உண்டு: ‘காற்று போட்ட மேட்டில் யாரும் கை வைக்க வேண்டாம்.’

கிளப் இதை உயிராய் மதித்தது. மூலவர் பார்த்தபோது எந்த மேடு எவ்வளவு உயரம் இருந்தது என்று ஒரு தடிப் புத்தகம் போட்டிருந்தார்கள். தினமும் காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு பேர் கூடைகளோடு கிளம்புவார்கள். காற்று இடம் மாற்றிப் போட்ட மணலை அள்ளி, புத்தகத்தில் உள்ள உயரத்துக்கு, பழைய இடத்திலேயே கொட்டிவிட்டு வருவார்கள். வருஷத்தில் முந்நூறு நாள் காற்று விதியை மீறியது. முந்நூறு நாளும் அது திருத்தப்பட்டது.

ஏழாம் குழிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மணல் வரப்பில் முன்பு அடம்பங்கொடி படர்ந்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பழைய புகைப்படம் கிடைத்தது. அதில் வரப்பு மொட்டையாக இருந்தது. கொடியை அகற்ற உத்தரவு வந்தது. புல்லுக்காரர்தான் பிடுங்கினார். ஒன்பது நாள் ஆயிற்று. ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கியிருந்தது. ஒவ்வொரு வேரோடும் ஒரு கைப்பிடி மணல் வந்தது.

“சார், இதுதான் மணலைப் பிடிச்சு வெச்சிருக்கு,” என்று அப்போதே செயலாளரிடம் சொன்னார்.

“மணலைப் பிடிச்சு வெக்கத்தானே உன்னை வேலைக்கு வெச்சிருக்கு,” என்றார் செயலாளர்.

ஏழாம் குழிக்குக் கிழக்கே ஊழியர் குடியிருப்பு. ஐந்து வீடுகள். இரண்டில் உர மூட்டைகள், இரண்டில் உடைந்த நாற்காலிகள், மீதி ஒன்றில் புல்லுக்காரரும் அவர் மனைவியும் மனைவியின் தம்பியும். வேலை போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு போனாலும் வேலை போய்விடும், ஏனென்றால் குடியிருப்பில் தங்காதவர் பணியில் நீடிக்க முடியாது என்று இன்னொரு விதி இருந்தது. இதையெல்லாம் யோசித்துத்தான் அவர் மனைவி தினமும் கடல் ஏறியிருக்கும் நேரத்தில் சமையலறைக் கதவிலிருந்து தண்ணீர் வரை நடந்து எண்ணிவிட்டு வந்தாள். மெமோ வந்த அன்று நாற்பத்தொரு எட்டு.

மனைவி கிளப்புக்குக் கொடிகள் தைப்பவள். உப்புக் காற்றில் ஒரு கொடி இரண்டு மாதம் தாங்காது. அவர் உள்ளே நுழைந்தபோது பல்லில் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னவாம்?”

“நிலம் காணோமாம்.”

“யாரு எடுத்தாங்களாம்?”

“அதைத்தான் என்னைக் கேக்கறாங்க.”

“கடல்னு எழுதிக் குடுங்க. மூணே எழுத்து. இதுக்கு எதுக்கு ஏழு நாளு?”

மனைவியின் தம்பி கிளப்பின் புல் வெட்டும் இயந்திரங்களுக்கு மெக்கானிக். கையில் கிரீஸோடு சாப்பிட உட்கார்ந்தான். “மாமா, எதுக்கும் சட்டைப் பையைக் காலி பண்ணி வெச்சுக்கோங்க. பதினாலு அடியும் அதுலதான் இருக்கும்னு சோதனை போடுவாங்க.”

“உன் வாயை முதல்ல கழுவு. அப்புறம் கையைக் கழுவு,” என்றாள் அக்கா.

செயலாளரின் மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. வந்தவை, போனவை, நிலுவை. முதல் இரண்டும் சுத்தமாக இருந்தன. மூன்றாவது சாயாமல் இருக்க ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

“என்னப்பா இது? ‘கடல் எடுத்துக்கொண்டது’ன்னு எழுதியிருக்க?”

“ஆமாங்க சார்.”

“கடல் நம்ம ஊழியரா?”

“இல்லீங்க சார்.”

“உறுப்பினரா?”

“இல்லீங்க.”

“அப்போ வெளியாள். வெளியாள் உள்ளே வந்து பதினாலு அடி நிலத்தைத் தூக்கிட்டுப் போயிருக்கான். நீ பாத்துக்கிட்டு நின்னிருக்க.”

“ஒரே நாள்ல போகல சார். கொஞ்சம் கொஞ்சமா...”

“ஓ. பல தடவை நடந்திருக்கு. அப்போகூட நீ புகார் எழுதல.”

“எழுதினேன் சார். மூணு வருஷத்துல பதினோரு மனு.”

செயலாளர் நிலுவைத் தட்டில் கைவிட்டு, செங்கல் அசையாமல் பதினொன்றையும் உருவி எடுத்தார். வரிசையாகப் படித்தார். “எல்லாம் அடம்பங்கொடி நடணும்னு கேட்ட மனு. கடலைப் பத்தி யாரு புகார் சொன்னா?” என்று திரும்ப உள்ளே வைத்தார்.

ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. மறுநாளே ஏழாம் குழியின் ஓரத்தில் இரண்டு பலகைகள் நடப்பட்டன. எழுத்து கடலைப் பார்த்து இருந்தது. ‘உறுப்பினர் அல்லாதோர் உள்ளே வரக் கூடாது.’ மூன்றாம் நாள் ஒரு பலகையைக் காணவில்லை. ‘அறிவிப்பு சம்பந்தப்பட்டவரால் பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று செயலாளர் கோப்பில் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மரபுக் காப்புக் குழு கூடியது. புல்லுக்காரர் செருப்பை வெளியே விட்டுவிட்டு, தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் நின்றார். எல்லோரும் எழுந்து தொப்பியைப் பார்த்து நின்றார்கள். செயலாளர் மூலவரின் வாக்கியத்தைப் படித்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். இதற்கு நான்கு நிமிஷம் ஆயிற்று, ஏனென்றால் இரண்டு உறுப்பினர்களுக்கு எழுந்திருக்க உதவி தேவைப்பட்டது.

தலைவர் துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம், கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள அறையில் இருந்திருக்கிறார். கடலைப் பற்றிப் பேச்சு வந்தால் மற்றவர்கள் அவரிடம் விட்டுவிடுவார்கள்.

“ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்,” என்று தலைவர் ஆரம்பித்தார். கூட்டங்களில் அவர் எழுதுவதுபோலத்தான் பேசுவார். “இது இயற்கையான மைதானம். இதை இயற்கையாக வைத்திருக்க நாற்பத்திரண்டு பேர் இரவு பகலாக உழைக்கிறார்கள். இயற்கையை அதன் போக்கில் விட்டுவிட்டால் அது இயற்கையாக இருக்குமா? இந்தக் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலவர் காலத்தில் அது அங்கே இருந்தது. இப்போது இங்கே வந்திருக்கிறது. ஏன்? கண்டிப்பு இல்லை. என் காலத்தில் துறைமுகத்துக்குள் கடல் இப்படி நுழைந்ததே இல்லை.”

துறைமுகத்துக்குள் இருந்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை.

“நீ ஏதாவது சொல்லணுமா?” என்று செயலாளர் புல்லுக்காரரைக் கேட்டார்.

புல்லுக்காரர் மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததைச் சொன்னார். “அடம்பங்கொடி நட்டா மணல் நிக்கும் சார். வீட்டுக்கும் ஏழாம் குழிக்கும் நடுவுலயாவது நட விடுங்க. அலை நிக்காது. மணல் நின்னுடும். மணல் நின்னா வீடு நிக்கும்.”

எல்லோரும் மரபு ஆலோசகரைப் பார்த்தார்கள். அவர் ஒல்லியானவர். மென்மையாகப் பேசுபவர். மூலவரின் வரைபடத்தைப் பற்றி முந்நூறு பக்கத்தில் புத்தகம் எழுதியவர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த வரைபடத்தை மேசைமேல் வைத்தார்.

“ஏழாம் குழிக்குக் கிழக்கே பாருங்க. என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“ஒண்ணும் இல்லைங்கறது இல்ல. மூலவர் அங்கே ஒண்ணும் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கார். அந்த முடிவு மேலதான் நீங்க கொடி நடணும்ங்கறீங்க.”

புல்லுக்காரர் வரைபடத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்தது இதுதான் முதல் தடவை. நான்காம் குழிக்கு அருகே ஒரு பழுப்பு வளையம் இருந்தது. ஒரு பக்கம் தடிமனாக, ஒரு இடத்தில் சற்று அறுந்து, அறுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு. அவருக்கு அதை நன்றாகத் தெரியும். நாற்பது வருஷத்துக்கு முன் அதைப் பார்த்துத்தான் நான்காம் குழியில் அந்தப் பேர்பெற்ற வளையப் பங்கரை வெட்டினார்கள். முழு வட்டமாக ஓடும் மணல் பள்ளம், நடுவில் தீவுபோலப் புல், ஒரு இடத்தில் மட்டும் நடந்து போக வழி. தூர தேசத்திலிருந்தெல்லாம் வந்து அதில் பந்தைத் தொலைத்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பிப் போவார்கள். வளையம் பிசகாமல் இருக்க வாரா வாரம் முளை அடித்து, கயிறு கட்டி, ஓரம் வெட்டுவார்கள். சொட்டுக்குத் தனியாக ஒரு குட்டிப் பங்கர்.

“டீ கிளாஸ் வெச்ச மாதிரி இருக்கே,” என்று அவர் வாய்க்குள் சொன்னது அறை முழுக்கக் கேட்டுவிட்டது.

ஆலோசகர் கோபப்படவில்லை. “மூலவர் டீ குடிச்சதுக்கு ஆதாரம் எதுவும் இல்லை,” என்றார்.

விசாரணை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. கடல் ஒத்திவைக்கவில்லை. அந்த மாதம் அது பொங்கிய ஒரு வாரத்தில் மீதி வரப்பும் போயிற்று, ஏழாம் குழியைச் சுற்றியிருந்த கிரீன் என்ற வழுவழுப்பான புல்தரையும் போயிற்று. புல்லுக்காரர் எட்டு வருஷம் சீப்பு வைத்து வாரியதுபோல் வளர்த்த புல், தாம்பாளம் தாம்பாளமாகப் பெயர்ந்து மிதந்தது. மனைவி எண்ணினாள். இருபத்திரண்டு எட்டு.

“வேலை போச்சுன்னு வெச்சுக்கோங்க,” என்றாள். “பதினாலு அடிக்கே மெமோ. இப்ப மொத்தக் குழியும்.”

ஆனால் நடந்தது வேறு. கூட்டத்தில் தலைவர் விரலை விட்டு எண்ணினார். நிலம் இல்லை என்றால் ஏழாம் குழி இல்லை. ஏழாம் குழி இல்லை என்றால் பதினேழு. “பதினேழு குழி உள்ள இடத்துக்கு மரபு மைதானம் என்று பெயர் இல்லை. மேய்ச்சல் நிலம் என்று பெயர்.” அதனால், மூல வரைபடத்தில் நிலம் தெளிவாகக் காணப்படுவதால் நிலம் உள்ளது என்றும், கடல் அதன் மேல் தற்காலிகமாக இருக்கிறது என்றும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். காணாமல் போகாத நிலத்துக்காகப் புல்லுக்காரர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. அவரை விடுவித்தார்கள்.

“நல்லவேளை,” என்று அவர் பெருமூச்சு விட்டார்.

“வழக்கமான பராமரிப்பு தொடரட்டும்,” என்றார் செயலாளர்.

தலைவர் கோப்பைப் போட்டி அந்த வாரக் கடைசியில். காலை எட்டு மணிக்கு ஏழாம் குழிக்கு வருவது என்பது மூலவர் காலத்து வழக்கம். அன்று எட்டு மணிக்குக் கடல் நன்றாக ஏறியிருந்தது. கொடிக்கம்பம் தானாக நிற்காது என்பதால் புல்லுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீருடையில் இருந்தார். கொடி பிடிப்பவர் அசையக் கூடாது என்று விதி. அலைக்கு அது தெரியாது.

தலைவர் அடித்தார். பந்து புல்லுக்காரருக்கு ஆறடி முன்னால் ‘களக்’ என்று விழுந்தது.

“கிரீன்ல விழுந்துடுச்சு சார்!” என்று செயலாளர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

தலைவர் கரைக்கு வந்தார். உருட்டி அடிக்கும் மட்டையை வாங்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடித் தண்ணீரை வெகுநேரம் பார்த்தார். “இடது பக்கம் கொஞ்சம் சரிவு இருக்கிறது,” என்றார். பின்னால் இருந்தவர்களும் இருக்கிறது என்றார்கள். காலணி நனையாமல், நின்ற இடத்திலிருந்தே காற்றில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். அதே நேரம் அலை உருட்டிக்கொண்டு வந்த ஏதோ ஒன்று புல்லுக்காரரின் கணுக்காலில் இடித்தது. குனிந்து எடுத்தார். பந்து.

“உள்ளே!” என்று செயலாளர் கத்தினார்.

மனைவியின் தம்பி இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். “மாமா, அப்படியே ரெண்டு நண்டும் பாத்து எடுத்துட்டு வாங்க,” என்றான்.

திங்கட்கிழமை இன்னொரு மெமோ. ‘ஏழாம் குழியின் கிரீன் மெதுவாகவும் ஈரமாகவும் இருந்ததாகத் தலைவர் கருதுகிறார். அளவுக்கு மீறித் தண்ணீர் பாய்ச்சியதற்கு விளக்கம் தரவும்.’

புல்லுக்காரர் பேனாவை எடுத்தார். ‘கடல்’ என்று எழுத ஆரம்பித்து, நிறுத்தினார். முந்தைய தடவை அந்தச் சொல்லை எழுதிப் பட்டபாடு நினைவுக்கு வந்தது. காகிதத்தைக் கிழித்துவிட்டு, வேறொன்றில் ஒரே வரி எழுதினார்: ‘இனி குறைத்துக்கொள்கிறேன்.’

விளக்கம் அன்று மாலையே ஏற்கப்பட்டது. ‘திருப்திகரம்’ என்று செயலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் எழுதிக் கொடுத்த ஒன்று நிலுவைத் தட்டுக்குப் போகாமல் திரும்பியது அதுதான் முதல் தடவை. புல்லுக்காரர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உண்மை எழுதிய பதினோரு மனுவும் செங்கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தன.

ஒன்பது எட்டு என்று ஒரு நாள் மனைவி எண்ணிவிட்டு வந்தாள். சமையலறைத் தரை ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. அவள் தையல் இயந்திரத்தைக் கட்டிலின் மேல் ஏற்றி வைத்தாள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். எங்கே போவது என்று மட்டும் தெரியவில்லை.

அந்த வாரம் ஆலோசகர் வந்திருந்தார். வருஷா வருஷம் கண்ணாடி வழியாகவே பார்க்கும் வரைபடத்தை இந்தத் தடவை முதல்முறையாகச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்து மூன்று நாள் மூச்சு விட வைத்தார்கள். நூலக மேசையில், ஜன்னலுக்கு அருகே விரித்திருந்தார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கேன்டீன். வளையப் பங்கரின் அளவைச் சரிபார்க்க நாடா பிடிக்கப் புல்லுக்காரரைக் கூப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் அது. நாடாவைச் சுருட்டும்போது அவர் பார்வை ஏழாம் குழிக்குக் கிழக்கே போயிற்று. ஒன்றும் வேண்டாம் என்று மூலவர் முடிவு பண்ணிய அந்த இடத்தில் இப்போது பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் முகத்தில் மனைவி தினமும் ஈரத்துணியால் துடைக்கும் அதே புள்ளிகள். ஈ உட்கார்ந்துவிட்டுப் போனால் வைக்கும் புள்ளிகள்.

துடைத்துவிடலாமா என்று கை போயிற்று. பிறகு சமையலறை நினைவுக்கு வந்தது. கையை இழுத்துக்கொண்டார்.

“சார், ஒரு சந்தேகம்.”

“கேளுங்க.”

“இந்தப் புள்ளியெல்லாம் என்ன சார்?”

ஆலோசகர் பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். “இது போன வருஷம் இல்லையே.”

“போன வருஷம் கண்ணாடி அழுக்கா இருந்துச்சு சார்.”

ஆலோசகர் நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. “முப்பது வருஷம். அழுக்குக் கண்ணாடி வழியாத்தான் நான் மூலவரைப் பாத்திருக்கேன். அதை வெச்சு முந்நூறு பக்கம் எழுதியிருக்கேன்.” மறுபடி குனிந்தார். “மொத்தம் எத்தனை?”

“இருபத்திமூணு சார்.”

“மரமா இருக்குமோ?”

“மரம்னா பெருசாப் போட்டிருப்பார் சார். இது தரையோட தரையாக் கிடக்கிறது மாதிரி...”

“கொடி!” என்றார் ஆலோசகர். அவராகவே சொன்னார். ஒரு ஈ வந்து வரைபடத்தின் மேல் உட்கார்ந்தது. “ச்சீ, மூலவர் மேல உக்காருது பாருங்க,” என்று கையுறையால் விரட்டினார்.

மூலவரின் கொடிகளைத் திரும்ப நடுவது என்று கூட்டத்தில் முடிவானபோது ஒரே ஒருவர் பழைய புகைப்படத்தை ஞாபகப்படுத்தினார். அதில் கொடி இல்லையே? “புகைப்படக்காரன் மூலவரைவிடப் பெரிய ஆளா?” என்றார் தலைவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மூலவரின் இருபத்துமூன்று கொடிகளை மூன்று வருஷத்துக்கு முன் பிடுங்கியது யார் என்று மட்டும் கொஞ்ச நேரம் விவாதித்தார்கள். உத்தரவில் கையெழுத்து தலைவருடையது என்று தெரிந்ததும் அடுத்த பொருளுக்குப் போனார்கள். இனி மூலவருக்கும் கிளப்புக்கும் நடுவே கண்ணாடி வேண்டாம் என்ற ஆலோசகரின் யோசனையும் ஏற்கப்பட்டது. வரைபடம் நூலக மேசையிலேயே திறந்து கிடக்கும்.

மெஷின் ஷெட்டுக்குப் பின்னால், மூன்று வருஷத்துக்கு முன் பிடுங்கிப் போட்ட அடம்பங்கொடி யாரும் கவனிக்காமல் குப்பைமேட்டையே மூடியிருந்தது. பூத்துக்கூட இருந்தது. புல்லுக்காரரும் மனைவியின் தம்பியும் கணுக் கணுவாக நறுக்கி எடுத்து வந்தார்கள். ஆலோசகர் முன்னால் நின்று, அளவுகோல் வைத்து, இருபத்துமூன்று முளைகள் அடித்துக் கொடுத்தார். முளைக்கு ஒரு கொடி. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட தகடு.

“ஏன் மாமா, ஒன்பதும் பத்தும் இப்படி ஒட்டி ஒட்டி இருக்கு?” என்றான் தம்பி.

“ரெண்டு ஈ பேசிக்கிட்டு இருந்திருக்கும். தோண்டு.”

தம்பி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவரைப் பார்த்தான். மாமா ஜோக் சொல்லி அவன் கேட்டதே இல்லை.

அடம்பங்கொடிக்கு எண்ணிக்கை தெரியாது. ஒரு மாதத்தில் தகடுகளைத் தாண்டியது. இரண்டாம் மாதம் ஒன்றையொன்று தொட்டுப் பின்னிக்கொண்டது. காற்று கொண்டுவந்த மணல் இலைகளுக்குள் விழுந்து அங்கேயே தங்கியது. முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு எழும்பியது. மனைவி எண்ணினாள். ஒன்பது. அடுத்த வாரமும் ஒன்பது. ஒரு நாள் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டு, நம்பாமல் திரும்பப் போய் எண்ணிவிட்டு வந்தாள். தையல் இயந்திரத்தைக் கட்டிலிலிருந்து இறக்கினாள்.

அப்போதுதான் செயலாளர் அளவு நாடாவோடு வந்தார்.

“ஒரு புள்ளி, நிலத்துல மூணு அடிதான் வரும். இது என்ன, இருபது அடி ஓடியிருக்கு?”

“கொடி சார். ஓடும்.”

“மூலவர் புள்ளிதான் வெச்சார். கோடு போடல. திங்கட்கிழமை ஆலோசகர் வர்றார். அதுக்குள்ள எல்லாத்தையும் மூணு அடிக்கு வட்டமா வெட்டிடு. நடுவுல மணல் தெரியணும்.”

புல்லுக்காரர் வீட்டுக்கு வந்து தொப்பென்று உட்கார்ந்தார். அது வெள்ளிக்கிழமை மதியம்.

“வட்டமா வெட்டணுமாம். நடுவுல மணல் தெரியணுமாம்.”

“வெட்டினா?”

“பெரிய அலை ஒண்ணு போதும்.”

மனைவி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். “அந்தப் படம் இன்னும் திறந்துதான் கிடக்கா?”

“கண்ணாடியே கூடாதுன்னுட்டாங்களே.”

“ஏழாவது கொடி தைச்சு முடிச்சாச்சு. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்,” என்று எழுந்தாள். சமையலறைக்குள் டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது ஒரு கையில் மடித்த கொடியும், இன்னொரு கையில் மூடி போட்ட டம்ளரும், இடுப்பில் துணியில் குறி போடும் சின்னத் தூரிகையும் இருந்தன.

“டம்ளர்ல என்ன?” என்றார் அவர்.

“சர்க்கரைத் தண்ணி. வெயில்ல நடக்கறேன்ல?”

அவர் அவளைப் பார்த்தார். “நூலகத்துல யாரும் இருக்க மாட்டாங்க. கேன்டீன் ஜன்னல் மட்டும் ஒட்டிக்கும், கொஞ்சம் அழுத்தித் தள்ளணும்,” என்றார்.

திங்கட்கிழமை காலை புல்லுக்காரர் வெட்டரிவாளோடு நூலகத்துக்கு வெளியே காத்திருந்தார். ஒரு கொடியையும் அவர் தொட்டிருக்கவில்லை. உள்ளே ஆலோசகர் மேசைமேல் குனிந்திருந்தார். அவருக்குப் பின்னால் செயலாளர் இரண்டு கையாலும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தார்.

“உள்ளே வாங்க,” என்றார் ஆலோசகர். கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். “அரிவாளை வெளிய வெச்சுட்டு வாங்க.”

புல்லுக்காரர் போய்ப் பார்த்தார். ஏழாம் குழிக்குக் கிழக்கே இருபத்துமூன்று புள்ளிகளை இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை. குடியிருப்பு வரிசையின் நீளத்துக்கு ஒரு கறுத்த பட்டை ஓடியது. அடர்த்தியாக, இடைவெளியே இல்லாமல், ஐந்தாவது வீடு இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓரத்தில் அழகாக வளைந்து முடிந்தது. மனைவிக்குக் கை நேர்த்தி அதிகம்.

“நானூறு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் எண்ண முடியல,” என்றார் ஆலோசகர். “வெள்ளிக்கிழமை இது இல்லைன்னு செயலாளர் சொல்றார். அவர் சொல்றது சரிதான். எனக்கும் தெரியும். இதுக்கு ஒரே ஒரு விளக்கம்தான் இருக்கு.” தொப்பி இருந்த கூட்ட அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “மூலவர் இன்னும் வரைஞ்சு முடிக்கல.”

செயலாளர் அடிப்பதை நிறுத்தினார். அவர் மேசையில் இதற்கு எந்தத் தட்டு என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

“வெட்டறதா சார்?” என்று புல்லுக்காரர் கேட்டார்.

“வெட்டறதா! இன்னும் இவ்வளவுதான் படர்ந்திருக்கான்னு அவர் நம்மளைக் கேக்கறார்யா,” என்றார் ஆலோசகர்.

செயலாளர் ஒரு ஈயை விரட்டிக்கொண்டே ஜன்னலைச் சாத்தப் போனார். பத்தொன்பது வருஷத்தில் புல்லுக்காரர் அவரை இடைமறித்ததில்லை.

“திறந்தே இருக்கட்டும் சார்,” என்றார். “வேலை நடக்குது.”